கட்டியைக் காட்டும் பச்சைச் சாயம்

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே பச்சை மருந்து ஏற்றினால் இன்ஃப்ராரெட் கேமராவில் கட்டி தெரியும் என்கிறார் டாக்டர். அந்த ஒளியை வெளியிலிருந்தே பாய்ச்சிப் பார்த்தால் சி.டி. ஸ்கேன் செலவு மிச்சமாகாதா? - வாசகி, தென்காசி

பதில்: ஆகாது. இருட்டில் செல்போன் டார்ச்சின் மேல் விரல் நுனியை வையுங்கள். நகம் சிவப்பாக ஒளிரும். நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. சிவப்பைத் தாண்டி, 900 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள இன்ஃப்ராரெட் ஒளி இன்னும் உள்ளே போகும். ஆனால் நேராகப் போகாது, பாலில் பட்ட வெளிச்சம் மாதிரி சிதறும். வயிற்றைத் திறந்து பார்த்தால்கூட, கல்லீரலின் மேற்பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிதான் தெரியும். ஆழத்தில் இருப்பதற்கு சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோதான்.

டாக்டர் சொன்ன பச்சை மருந்து இண்டோசயனின் கிரீன் என்ற சாயம்; இன்ஃப்ராரெட் ஒளி பட்டால் மின்னும். நல்ல கல்லீரல் செல்கள் அதை உறிஞ்சிப் பித்தத்தில் தள்ளிவிடும். கட்டியின் செல்களும் உறிஞ்சும்; வெளியே தள்ளத் தெரியாமல் தேக்கி வைத்துக்கொள்ளும். சில நாள் கழித்துப் பார்த்தால் கல்லீரல் இருண்டிருக்க, கட்டி மட்டும் மின்னும். ஒரு வார இடைவெளி அதற்காகத்தான். முந்தின நாள் போட்டால் கல்லீரலும் சேர்ந்து மின்னக்கூடும், கட்டி பிரிந்து தெரியாமல் போகலாம். குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டி என்றால் உள்ளே இருட்டாகவும் சுற்றிலும் வளையமாகவும் தெரியும்.

மின்னுவதெல்லாம் புற்றுநோயும் அல்ல. சுருங்கிய கல்லீரலில், அதாவது சிரோசிஸில், சாதாரண முடிச்சுகளும் மின்னும். அதனால்தான் டாக்டர் ஆபரேஷன் மேசையிலேயே அல்ட்ராசவுண்டும் வைத்துப் பார்ப்பார். அப்பாவுக்கு அயோடின் அலர்ஜி உண்டென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். இந்த மருந்தில் அயோடைடு இருக்கிறது.

கேள்வி: இதே சாயப் பொடியை சலைனில் கரைக்கலாமா? - தியேட்டர் நர்ஸ், மதுரை

பதில்: கூடாது, கட்டிதட்டிவிடும். 25 மில்லிகிராம் குப்பிக்கு, ஊசிக்கான ஸ்டெரைல் தண்ணீர் 10 மில்லி. கரைத்ததை 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள், மீந்ததைக் கொட்டிவிடுங்கள். கல்லீரல் கட்டிக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு 30 வரும், ஒரு குப்பி போதாது. கேமராவை எடுக்கும்போது மேலே உள்ள ஆபரேஷன் விளக்கைத் திருப்பிவிடுங்கள். பழைய ஹாலோஜன் விளக்கிலிருந்தும் இன்ஃப்ராரெட் கொட்டும், திரை வெளுத்துப்போகும்.