முதல் வரி முடிவதற்குள் நாலு பக்கம் புரட்டிவிடுகிறான்!

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. கதைப் புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தால், நான் முதல் வரியை முடிப்பதற்குள் நாலு பக்கம் புரட்டிவிடுகிறான். வேறு புத்தகங்கள் இருந்தும் தினமும் ஒரே புத்தகத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறான். ஆனால் என் அம்மா சோறு ஊட்டும்போது சொல்லும் கதையை அசையாமல் கேட்கிறான். கவனக் குறைபாடாக இருக்குமோ? ஆங்கிலப் புத்தகம் வாங்கலாமா, தமிழே போதுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அம்மாயி சொல்லும் கதையை உட்கார்ந்து கேட்கிறான் அல்லவா? அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை. நான்கு வயதுக்கு முன் கவனக் குறைபாடு என்ற முடிவுக்கு மருத்துவர்களே பொதுவாக வருவதில்லை. இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்றால் மட்டும் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

புரட்டுவதற்கு வருகிறேன். நீங்கள் எழுத்தை வாசிக்கிறீர்கள், அவன் படத்தை வாசிக்கிறான். உங்கள் வரி முடிவதற்குள் அவன் வேலை முடிந்துவிடுகிறது. அவனே புரட்டட்டும். எந்தப் பக்கத்தில் நிற்கிறானோ, அங்கே பேச்சைத் தொடங்குங்கள். அச்சில் இருக்கும் வரிகளை ஒன்று விடாமல் வாசிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சந்தைப் படம் ஒன்று. தள்ளுவண்டி ஓரத்தில் ஆடு நிற்கிறது என்று வையுங்கள். அவன் "ஆடு" என்கிறான். "ஆமா, ஆடு! வாழைப்பழத் தோலைத் திங்குது" என்று அவன் சொல்லோடு கொஞ்சம் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு, "பழக்கார அக்கா பாத்தா என்ன சொல்வாங்க?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம். "ச்சூ!" என்று கையை ஆட்டினாலும் அது முழுப் பதில்தான். "ச்சூ, போ ஆடே!" என்று நீட்டிச் சொல்லிக் காட்டுங்கள். "இது என்ன கலர்? எத்தனை பழம்?" என்று வரிசையாகக் கேட்டால் மட்டும் அது பரீட்சையாகிவிடும், எழுந்து ஓடத்தான் செய்வான்.

1988-இல் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் உங்கள் மகன் வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு இந்த முறையைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். வழக்கம்போல வாசித்துக் காட்டிய வீட்டுக் குழந்தைகளைவிட இவர்கள் ஒரே மாதத்தில் பேச்சில் தெளிவாக முன்னே நின்றார்கள். அம்மாயி ஏட்டைப் பார்க்காமல் பேரன் முகத்தைப் பார்த்துத்தானே கதை சொல்கிறார்? கிட்டத்தட்ட அதே சூட்சுமம்தான். கதையைக் காட்டி வாயில் சோற்றைத் திணிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் போனைக் காட்டி ஊட்டுவதற்கு அது எவ்வளவோ தேவலை.

ஒரே புத்தகம் அலுப்பது உங்களுக்குத்தான், அவனுக்கு இல்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் (2011), மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள்; இன்னொரு பிரிவுக்கு வெவ்வேறு கதைகள். புதுச் சொற்கள் இரு தரப்பின் காதிலும் விழுந்தது ஒரே அளவுதான். சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரே கதையைக் கேட்டவர்கள். கொடுங்கள், கிழியும்வரை.

மொழி? அவனைக் கொஞ்சும் மொழி எதுவோ அதுவே. ஆங்கிலப் புத்தகத்தில் படம் நன்றாக இருந்தால் வாங்கித் தமிழில் பேசுங்கள். தமிழ்ப் புத்தகத்திலும் ஒரு சிக்கல் உண்டு: "குரங்கு மரத்தில் ஏறிற்று" என்று அச்சடித்திருப்பார்கள். இப்போதைக்கு அதை "கொரங்கு மரத்துல ஏறிருச்சு" என்றே சொல்லலாம். நாலு வயதை நெருங்கும்போது அச்சில் உள்ளபடியும் வாசித்துக் காட்டுங்கள். பள்ளியில் அந்தத் தமிழைக் கேட்கும்போது அந்நியமாகத் தோன்றாது.

வாங்குவதற்கு, சென்னையின் தூலிகா பதிப்பகத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படப் புத்தகங்கள் கிடைக்கும். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள் விலை குறைவு. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். அவற்றைப் போனில் அவனுக்குக் காட்டாதீர்கள். அவன் தூங்கிய பிறகு நீங்கள் படித்து வைத்துக்கொண்டு வாயால் சொல்லுங்கள். பிடித்துப்போனால் அந்த ஒன்றை மட்டும் கலர் பிரிண்ட் போட்டு, ஸ்டேபிள் பின் குத்தாமல் நூலால் தைத்துக் கொடுங்கள்.