'ரன்' என்னும் சொல்லும் 645 பொருள்களும்

கேள்வி: ஆங்கிலத்தில் 'ரன்' என்ற ஒரே வினைச்சொல்லுக்கு 645 பொருள்கள் உள்ளனவாம். வேறு சொல் இல்லாமல் ஒன்றையே எல்லா இடத்திலும் பயன்படுத்துவது அம்மொழியின் சொல்வறுமையைத்தானே காட்டுகிறது? ஒவ்வொரு செயலுக்கும் தனிச்சொல் கொண்ட தமிழுக்கு இந்தக் குறை இல்லை அல்லவா?
— வாசகர், காரைக்குடி

பதில்: எண் சரி, அதிலிருந்து தாங்கள் எட்டிய முடிவு சரியன்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்தும் பணியில், 'ரன்' என்ற ஒரு வினைக்காக மட்டும் ஒன்பது மாதங்கள் உழைத்த பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் கண்ட கணக்கு அது. 2011இல் அந்தச் செய்தி வெளியானபோது, 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் ஏறத்தாழ 430 பொருள்களுடன் முதலிடத்தில் இருந்த 'செட்' பின்னுக்குப் போயிற்று. ஆனால் அது ஒரு வரலாற்று அகராதி என்பதை மறந்துவிடக் கூடாது. பல நூற்றாண்டுகளுக்கு முன் வழங்கிப் பின் மறைந்துபோன பொருளுக்கும் அதில் இடமுண்டு. நுட்பமான வேறுபாடு ஒவ்வொன்றும் தனிப் பிரிவாக எண்ணப்படுகிறது. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர் எவரும் 645 பொருள்களையும் மனத்தில் சுமந்துகொண்டு பேசுவதில்லை.

இந்தச் சொல் எப்படி இவ்வளவு பெருத்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் கருதுகிறேன். பழைய ஆங்கிலத்தில் இதற்கு 'ரின்னன்' என்றும் 'இர்னன்' என்றும் வடிவங்கள் இருந்தன. நம் மொழியில் தசை சதையாகவும், மிஞிறு ஞிமிறாகவும் எழுத்து இடம் மாறி வழங்கியதைப் போன்ற மாற்றமே இது. ஓடுதலோடு நீர் வழிந்தோடுவதும் இதன் பழம்பொருள். இதற்கு உறவான ஜெர்மன் வினை 'ரின்னன்' இன்றும் நீர் ஒழுகுவதையே குறிக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் ஆறும் மூக்கும் 'ரன்' செய்வதும், துவைக்கும்போது துணியின் சாயம் 'ரன்' செய்வதும் பிற்காலத்தில் யாரோ வலிந்து ஏற்றிய பொருள்கள் அல்ல. சொல்லின் வேரிலேயே இருந்தவற்றின் வளர்ச்சிதான்.

அக்காலத்தில் 'ஏர்னன்' என்று இன்னொரு வினையும் உடன் வழங்கியது. குதிரையை விரைந்து ஓட்டிச் செல்வதற்கு அது உரியது. ஓடு, ஓட்டு என்று நாம் தன்வினையையும் பிறவினையையும் பிரித்து வைத்திருக்கிறோமே, ஏறத்தாழ அத்தகைய பிரிவு அன்று ஆங்கிலத்திலும் இருந்தது. காலப்போக்கில் ஓடுவதும் ஓட்டுவதும் 'ரன்' என்ற ஒரே வடிவத்துக்குள் அடங்கிவிட்டன. எனவே அவர்களுடைய ஒரு சொல்லின் கணக்கை நம்முடைய ஒரு சொல்லின் கணக்கோடு ஒப்பிடுவதே பொருந்தாது. 'ஓடு', 'ஓட்டு' இரண்டையும் சேர்த்தாலும் போதாது, 'ஒழுகு', 'நடத்து' ஆகியவற்றையும் கூட்டிக்கொண்ட பிறகே ஒப்பீடு ஓரளவு நேர்மையாகும்.

அதன்பின் இயந்திரக் காலம் வந்தது. 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதற்குப் பின் வந்த தலைமுறைகள், புதிது புதிதாக வந்த எத்தனையோ பொறிகளின் இயக்கத்தைச் சொல்ல இந்தப் பழைய வினையையே எடுத்தாண்டன. கணினி வந்தபோது நிரலும் அதே சொல்லுக்குள் வந்து சேர்ந்தது. வறுமையால் இப்படி நேர்ந்தது என்பதை நான் ஏற்க மாட்டேன். வெறும் ஓட்டத்தைச் சொல்லவே ஸ்பிரின்ட், ஜாக், காலப், டிராட், டேஷ், போல்ட் என்று அடுக்கிக்கொண்டு போகக்கூடிய மொழி அது. சொல் இல்லாமல் அவர்கள் 'ரன்' என்பதை எடுக்கவில்லை. நாவில் எப்போதும் புழங்கும் எளிய சொல் என்பதால்தான் எடுத்தார்கள்.

தமிழுக்கு இது இல்லை என்பதோ பெரும்பிழை. பேருந்து ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, தறி ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடுகிறது, கவலையில் இருப்பவருக்கு வேலையே ஓடவில்லை. இவற்றில் எத்தனை பேருக்குக் கால் இருக்கிறது? ஒரு சொல் பல பொருளில் வருவதை நம் முன்னோர் குறையாக எண்ணவில்லை. தொல்காப்பியம் பலபொருள் ஒருசொல்லை, வினையால் வேறுபடுவது, வேறுபடாதது என இரண்டாகப் பகுத்து இலக்கணம் சொல்லியது. திவாகர நிகண்டு தன் பதினோராம் தொகுதியை முழுவதுமாக அத்தகைய பெயர்களுக்கே ஒதுக்கியது. தமிழைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து, தமிழில் உள்ளதையே இல்லை என்று சொல்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. 'ரன்' என்றால் ஓடு என்று ஒரே ஒரு பொருளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள், மொழிபெயர்க்க உட்காரும்போது அதையே எல்லா இடத்திலும் பொருத்திவிடுகிறார்கள். 'இன் தி லாங் ரன்' என்பது 'நீண்ட ஓட்டத்தில்' என்றாகி எங்கள் மேசைக்கு வருகிறது. 'நாளடைவில்' என்று திருத்தி அச்சுக்கு அனுப்புகிறோம். அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் 'ரன்' செய்கிறார், பிரிட்டனில் அவரே 'ஸ்டாண்ட்' செய்கிறார், நம்மிடம் அவர் தேர்தலில் நிற்கிறார். அமெரிக்கச் செய்தியைத் தமிழில் தருபவர் இதை உணராவிட்டால், நிற்க வேண்டிய வேட்பாளரை ஓடவிட்டுவிடுவார்.