டைம்ஷேரில் கையெழுத்துப் போட்டாயிற்று, இன்னும் விடுமுறை முடியவில்லை

கேள்வி: நாங்கள் மிச்சிகனில் இருக்கிறோம். குளிர்காலத்தில் கோல்ஃப் ஆடுவதற்காகக் கலிஃபோர்னியாவின் பாலைவன ஊரான பாம் டெஸர்ட்டில், நண்பருடைய டைம்ஷேர் (ஒரு ரிசார்ட்டில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட காலம் தங்கும் உரிமை) வாரத்தை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறோம். ஒன்றரை மணி நேர விற்பனைக் கூட்டத்துக்கு வந்தால் ஒரு ரவுண்டு இலவசம் என்றார்கள். போனோம், அரை நாள் உட்கார வைத்துவிட்டார்கள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை 24,000 டாலருக்கு நாங்களே ஒரு டைம்ஷேர் வாங்கிவிட்டோம். இன்று வியாழன். கணவருக்கு இன்னும் ஆசைதான். எனக்குத் தூக்கம் வரவில்லை. சனிக்கிழமை ஊர் திரும்பிய பிறகு ஒரு வக்கீலைப் பார்த்து நிதானமாக முடிவு செய்யலாமா?

பதில்: கூடாது. முடிவை இன்றே எடுங்கள்.

கலிஃபோர்னியாவில் நிறுவனத்திடம் நேரடியாக டைம்ஷேர் வாங்கியவர், காரணமே சொல்லாமல் 7 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். 2004-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் தரும் உரிமை இது. கையெழுத்துப் போட்ட நாள், பப்ளிக் ரிப்போர்ட் என்ற, டைம்ஷேரைப் பற்றிய விவரங்கள் அடங்கிய அறிக்கை உங்கள் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து கணக்கு. பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளில்தான் நடக்கும். கட்டுக்கட்டாகக் காகிதம் தரும்போது அதையும் உள்ளே வைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சனி, ஞாயிறுக்கு விலக்கு கிடையாது. ஆக, வரும் ஞாயிறோடு உங்கள் அவகாசம் முடிகிறது. ஞாயிறன்று தபால் நிலையம் மூடியிருக்கும், சனிக்கிழமை நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள். மிச்சம் இருப்பது இன்றும் நாளையும்தான். பக்கத்து மாநிலமான நெவாடாவில் வாங்கியிருந்தால் 5 நாள்தான். உங்கள் சொந்த மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

விடுமுறையும் ஒரு வாரம், ரத்து செய்யும் அவகாசமும் ஒரு வாரம். ஊருக்குப் போய் யோசிக்கலாம் என்று நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

போனில் பேசாதீர்கள். பேசினால் விலையைக் குறைக்கிறேன், இன்னொரு வாரம் சேர்த்துத் தருகிறேன் என்று நாளைக் கடத்துவார்கள். ஒரே பக்கக் கடிதம் போதும்: இருவர் பெயர், ஒப்பந்த எண், கையெழுத்திட்ட தேதி, ரிசார்ட்டின் பெயர், 'இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம்' என்ற ஒரு வரி, இருவர் கையெழுத்து. காரணம் எழுத வேண்டாம், எழுதினால் அதற்குப் பதில் சொல்லவே ஒருவர் கூப்பிடுவார். ரத்து செய்யும் முறையும் முகவரியும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். எழுத்து எழுத்தாக அதைப் பின்பற்றுங்கள். விற்பனை மேஜையில் கொடுத்துவிட்டு வருவது போதாது. தபால் நிலையத்தில் சர்டிஃபைட் மெயிலாக (பதிவோடு போகும் தபால்), ரிட்டர்ன் ரிசீட்டோடு (பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) அனுப்பி, கடிதத்தையும் ரசீதையும் படம் எடுத்து வையுங்கள். 'ரத்து உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்று எதிலாவது கையெழுத்து வாங்கியிருந்தாலும் கவலைப்படாதீர்கள், அது செல்லாது.

உங்கள் கணவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாங்கியது கோல்ஃப் அல்ல, தங்கும் உரிமை. கோல்ஃப் சலுகை எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். 'ஒவ்வொரு பிப்ரவரியும் உங்களுக்குத்தான்' என்று வாயால் சொன்னது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளோட்டிங் வாரம் (தேதி நிலையாக இல்லாத வாரம்) அல்லது பாயின்ட் முறை (புள்ளிகளைக் கொடுத்து நாட்களை வாங்குவது) என்றால், ஜனவரி முதல் மார்ச் வரை எல்லோரும் மோதுகிற இடத்தில் முந்திக்கொண்டு புக் செய்தால்தான் உண்டு. இடம் கிடைக்காமல் அக்டோபரைத் தலையில் கட்டினால் அங்கே ஆட்டமே இல்லாமல் போகலாம். அந்தப் பாலைவனத்து மைதானங்களின் பெர்முடா புல் குளிரில் பழுத்து உறங்கிவிடும். அதனால் இலையுதிர் காலத்தில் சில வாரம் மைதானத்தை மூடி, மேலே குளிரிலும் பச்சையாக இருக்கும் ரை புல் விதைப்பார்கள். இப்போது அவர் ரசித்து ஆடும் பச்சை அப்படி வந்ததுதான்.

ஆடினாலும் ஆடாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் வரும், ஏறவும் செய்யும். அடுத்த குளிர்காலத்துக்கும் இந்த முறை செய்ததுபோல ஒரு உரிமையாளரிடம் வாடகைக்கு எடுங்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால், ரத்து செய்த பிறகு மறுவிற்பனையில் அதே ரிசார்ட் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். அந்த விலையைப் பார்த்தாலே அவர் ஆசை பாதி அடங்கும் என்பது என் கணிப்பு.

இலவச ரவுண்டைப் பற்றிச் சங்கடப்படாதீர்கள். கூட்டத்துக்கு வந்ததற்குத் தந்தது என்றால் அது உங்களுடையது. வாங்கியதற்காகத் தந்த பரிசு ஏதாவது இருந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம், முன்பணத்துக்காக அங்கேயே புதிதாக கிரெடிட் கார்டு எடுக்க வைத்திருப்பார்கள். ஒப்பந்தம் ரத்தானால் கார்டு தானாக மூடாது, தனியாக மூட வேண்டும். ஆனால் பணம் அதில் திரும்பி வந்து சேர்ந்த பிறகு மூடுங்கள். பணத்தை இழுத்தடித்தால் கடித நகலோடு கார்டு நிறுவனத்தில் டிஸ்ப்யூட் (அந்தக் கட்டணத்தை மறுத்துப் புகார்) போடுங்கள், மாநில ரியல் எஸ்டேட் துறைக்கும் புகார் அனுப்புங்கள்.