பீடத்துக்கும் கேமராவுக்கும் நடுவே 40 அடி: 35 ஆயிரம் ரூபாயில் திருப்பலி நேரலை

கேள்வி: ஏற்காடு மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் கோயில் எங்களுடையது. நடக்க முடியாத பெரியவர்களும், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களும் பார்க்கும்படி ஞாயிறு காலைத் திருப்பலியை யூடியூபில் நேரலையாகக் கொடுக்க இளையோர் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். 35,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. பழைய லேப்டாப் ஒன்றும், ஆம்ப்ளிஃபயரும், இரண்டு மைக்கும் கோயிலில் இருக்கின்றன. பின்சுவரிலிருந்து பீடம் வரை 40 அடி. ஒருவர் 4கே வெப்கேம் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் சிசிடிவி கேமரா போதும் என்கிறார். மூன்றாமவர் பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கலாம் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: மூன்று பேரும் கேமராவின் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் அந்த 40 அடியிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் கேள்வியிலேயே மிக முக்கியமான தகவல் அதுதான்.

சாதாரண வெப்கேம், மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைக் காட்டச் செய்யப்பட்டது. அதன் லென்ஸ் பக்கவாட்டில் ஏறக்குறைய 70 டிகிரி பார்க்கும். அதை 40 அடி தூரத்தில் வைத்தால் திரையின் அகலத்துக்குள் 56 அடி அடங்கும். உங்கள் கோயிலின் மொத்த அகலமே அவ்வளவு இருக்காது. அதாவது படத்தில் பாதிக்கு மேல் சுவரும் கூரையும் முன்வரிசையின் தலைகளும்தான். முழு எச்டி படத்தில் குறுக்கே 1,920 புள்ளிகள். அதை 56 அடிக்குப் பங்கு போட்டால் அடிக்கு 34 புள்ளிகள். குருவானவரின் முகத்துக்குக் கிடைப்பது 17 புள்ளிகள். அதில் கண் எது, வாய் எது என்று யாருக்கும் தெரியாது. 4கே என்றால் இது இரண்டு மடங்காகி 34 ஆகும், அவ்வளவுதான். அந்த விலையில் கிடைக்கும் லென்ஸும் சென்சாரும் கோயில் வெளிச்சத்தில் அந்த 34 புள்ளிகளையும் தெளிவாகக் கொடுக்கப்போவதில்லை. அதனால் வெப்கேமை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது, பின்சுவரில் நின்றுகொண்டே பீடத்தையும் வாசக மேடையையும் சேர்த்து 15 அடி அகலத்தில் காட்டும் லென்ஸ். மறையுரையின்போது இன்னும் நெருங்கி 6 அடிக்கு வர முடிந்தால் நல்லது. டிஜிட்டல் ஜூம் கணக்கில் வராது. அது இருக்கிற புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டும் வேலை மட்டுமே. லென்ஸே நெருங்கிக் காட்டும் ஆப்டிகல் ஜூம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

சிசிடிவி யோசனையை நான் சட்டென்று ஒதுக்க மாட்டேன். அதில் ஒரு பெரிய வசதி, கேபிள். நெட்வொர்க் கேபிள் ஒன்றிலேயே படமும் மின்சாரமும் 100 மீட்டர் வரை போகும். கேமராவைப் பக்கச் சுவரில் பொருத்திவிட்டு லேப்டாப்பைப் பாடகர் குழுவின் அருகில் வைத்துக்கொள்ளலாம். நெட்வொர்க்கில் இணையும் ஐபி கேமரா என்றால், ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் நேரடியாகவே எடுத்துக்கொள்ளலாம். கடைகளில் சாதாரணமாகக் கொடுக்கும் 2.8 அல்லது 4 மிமீ லென்ஸ் வெப்கேமைப் போலவே அகலமானது. ஆகவே 2.8 முதல் 12 மிமீ வரை மாற்றக்கூடிய மாடலைத்தான் கேட்க வேண்டும். அதிலும் 40 அடியில் ஏறக்குறைய 20 அடி அகலம் வரைதான் நெருங்க முடியும். நிறமும் சுமார்தான். இன்னொன்று, பாஸ்கா திருவிழிப்பு (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடு) அன்று விளக்குகளை அணைத்ததும் இந்தக் கேமரா இரவாகிவிட்டது என்று நினைத்து அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடும். பாஸ்கா திரி ஏற்றும் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்களுக்குத் தீச்சுடரின் நிறமே போய்விடும். அமைப்பில் போய் ‘பகல்’ என்று நிரந்தரமாக வைக்க வேண்டும். கேமராவை இயக்க ஆளே இல்லாத கோயிலுக்கு இது ஒத்துவரும். உங்களிடம்தான் இளையோர் இருக்கிறார்களே.

டிஎஸ்எல்ஆர் விஷயம் வேறு. சென்சார் பெரியது, மங்கலான வெளிச்சத்தில் படம் சுத்தமாக வரும். கூடவே வரும் 18-55 லென்ஸை 55-இல் வைத்தால் கேனன் மாடல்களில் 40 அடிக்கு 16 அடி அகலம். கச்சிதம். ஆனால் அந்த நிலையில் அதன் துவாரம் எஃப் 5.6, உள்ளே வரும் வெளிச்சம் குறைவு. இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் போட்டால் அகலம் 18 அடி, வெளிச்சமோ ஏறக்குறைய பத்து மடங்கு. மெழுகுதிரி வெளிச்சத்தில்கூட முகம் தெரியும். சிக்கல், நெருங்கிப் போக ஜூம் கிடையாது. அதோடு பல பழைய மாடல்களில் எச்டிஎம்ஐ வழியாகப் படம் எடுத்தால் பேட்டரி குறியும் ஃபோகஸ் கட்டமும் படத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு வரும். சில கேமராக்கள் ஒரு மணி நேரத்துக்குள் சூடேறி நின்றுவிடும். பேட்டரிக்குப் பதில் நேரடி மின்சாரம் கொடுக்கும் டம்மி பேட்டரியும் தனியாக வாங்க வேண்டும்.

சரி, என் பரிந்துரை: பழைய ஹேண்டிகேம். யாரும் சொல்லாத நான்காவது வழி. சேலத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பலரும் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் அலமாரிகளில் முழு எச்டி ஹேண்டிகேம்கள் சும்மா கிடக்கின்றன. 12 முதல் 15 ஆயிரத்துக்குள் பேசி முடிக்கலாம். 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் என்பது இவற்றில் சாதாரணம். பின்சுவரிலிருந்தே குருவானவரின் கையிலிருக்கும் அப்பம் வரை போகலாம். ஜூம் பொத்தானை விரலால் மெல்ல அழுத்தினால் படம் சீராக நெருங்கும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். மணிக்கணக்கில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது, சார்ஜரில் போட்டபடியே ஓடும். குறை ஒன்றுதான். சென்சார் சின்னது, வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். அதற்கு வழி விளக்கு.

வாங்கும் முன் மூன்று சோதனை. எச்டிஎம்ஐ கேபிளைக் கையோடு கொண்டுபோய் அங்கே இருக்கும் டிவியில் செருகிப் பாருங்கள். மெனுவில் மாற்றிய பிறகும் பேட்டரி குறியும் எழுத்துகளும் திரையிலிருந்து போகவில்லையா, வேண்டாம். அடுத்து, சார்ஜரோடு ஒன்றரை மணி நேரம் ஓடவிடுங்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது நின்றிருந்தால் திருப்பலியிலும் நிற்கும். கடைசியாக, போன் டார்ச்சை லென்ஸின் ஓரத்திலிருந்து சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போல வெள்ளையாகக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. பக்கத்தில் வைக்கும் மற்ற லென்ஸுக்கும் பரவலாம் என்பதால் அதை மலைக்கு ஏற்றாதீர்கள். டேப் போடும் பழைய மாடல்களும் வேண்டாம்.

கேமராவின் எச்டிஎம்ஐ படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவர ஒரு கேப்சர் கார்டு வேண்டும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். அட்டைப்பெட்டியில் 4கே என்று போட்டிருந்தாலும் அது கொடுப்பது முழு எச்டிதான், நமக்கு அதுவே அதிகம். லேப்டாப்பைக் கேமரா பக்கத்திலேயே வையுங்கள். நீளமான எச்டிஎம்ஐ கேபிளில் காசு போடாதீர்கள்.

இனி சத்தம். கேமராவைவிட இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். படம் கொஞ்சம் மங்கினால் வீட்டில் இருக்கும் பாட்டி பொறுத்துக்கொள்வார். வாசகம் புரியவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் போனைக் கீழே வைத்துவிடுவார். 40 அடி தள்ளியிருக்கும் கேமராவின் மைக்கில் எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் இருமலும்தான் கேட்கும்.

உங்கள் ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் ‘லைன் அவுட்’ அல்லது ‘ரெக் அவுட்’ என்ற துளை இருக்கும். அங்கிருந்து யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (சத்தத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக லேப்டாப்புக்குக் கொண்டுவாருங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகினால் சத்தம் உடைந்து கரகரக்கும். ஸ்பீக்கர் கம்பி மாட்டும் முனைகளிலிருந்து மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். கோயில்களில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர்களில் அந்த முனையில் 100 வோல்ட் வரை வரக்கூடும், லேப்டாப் போய்விடும். ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வந்தால் ஆம்ப்ளிஃபயரையும் லேப்டாப்பையும் ஒரே பிளக் போர்டில் போட்டுப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்கி நடுவில் போடுங்கள்.

இதில் பலரும் விட்டுவிடுவது ஒன்று. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருவது மைக் முன்னால் பேசுகிறவரின் குரல் மட்டுமே. ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ என்று குருவானவர் சொல்வது கேட்கும், மக்கள் சொல்லும் பதில் கேட்காது. வீட்டில் படுத்திருப்பவருக்கு ஆளில்லாத கோயிலில் பூசை நடப்பது போல இருக்கும். அவர் தேடுவதே அந்தப் பதில் குரலைத்தான், தன்னோடு முழங்காலிட்டவர்களின் குரலை. அதனால் மக்கள் பக்கம் பார்த்தபடி ஒரு மைக்கைத் தூணில் கட்டி, அதை இன்டர்ஃபேஸின் இரண்டாவது துளையில் கொடுத்து, மெல்லிய அளவில் கலந்துவிடுங்கள். மைக்குக்கு ஒன்று, லைனுக்கு ஒன்று என இரண்டு துளை உள்ள இன்டர்ஃபேஸ் வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

கேப்சர் கார்டு வழியாக வரும் படம் சற்றுத் தாமதமாக வரும், சத்தம் முந்திக்கொள்ளும். சனிக்கிழமை மாலை ஒருவரைப் பீடத்தின் முன் நின்று கைதட்டச் சொல்லி ஓபிஎஸ்ஸில் பதிவு செய்யுங்கள். பதிவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, சத்தம் எத்தனை ஃபிரேம் முன்னால் வருகிறது என்று எண்ணுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி நொடி. நான்கு ஃபிரேம் முந்தினால், ஆடியோ அமைப்பில் ‘சிங்க் ஆஃப்செட்’ என்ற இடத்தில் 160 என்று போடுங்கள்.

அந்த 25-க்கும் ஒரு காரணம் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவில் ‘பால்’ (PAL) என்ற வீடியோ முறையும், ஷட்டர் ஐம்பதில் ஒரு நொடியும் வைத்தால் டியூப்லைட்டும் எல்இடியும் படத்தில் துடிக்காது.

விளக்குக்கு மூன்று, நான்கு ஆயிரம் ஒதுக்குங்கள். ஒரே நிறம் கொண்ட இரண்டு எல்இடி ஃப்ளட் விளக்குகளை மக்கள் பக்கத்து உத்தரத்தில் மாட்டி, இடமும் வலமுமாக மேலிருந்து பீடத்தை நோக்கித் திருப்புங்கள். பீடத்துக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் அதைத் திரையிட்டு மூடிவிடுங்கள். மஞ்சு மூடிய காலையில் அந்த ஜன்னல் ஒரு வெள்ளைப் பலகையாக எரியும். கேமரா அதைப் பார்த்துத் தன்னைக் குறைத்துக்கொள்ளும், குருவானவர் கறுப்பு நிழலாகிவிடுவார். பத்து நிமிடத்தில் மஞ்சு விலகினால் எல்லாம் மறுபடி மாறும். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வெள்ளைச் சமநிலையையும் (நிற அளவு) கையால் பூட்டி வைப்பதுதான் தீர்வு. வெள்ளை, பொன்னிறத் திருவுடைகளுக்கு ஒரு படி குறைவாகவே வையுங்கள்.

இணைய வேகத்தை ஞாயிறு காலை, அதே நேரத்தில் சோதியுங்கள். வார இறுதியில் மலைக்கு வரும் சுற்றுலாக் கூட்டத்தோடு மொபைல் டேட்டாவை நம்ப முடியாது. பங்கு இல்லத்தில் ஃபைபர் இருந்தால் அங்கிருந்து கோயிலுக்குக் கேபிள் இழுங்கள். 720பி தரத்துக்கு 3 எம்பிபிஎஸ் போதும், ஆனால் அப்லோடு வேகம் 6-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள்.

பணக் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: ஹேண்டிகேம் 14 ஆயிரம், கேப்சர் கார்டும் கேபிளும் 2, இன்டர்ஃபேஸ் 4, மக்கள் பக்க மைக் 2½, ட்ரைபாட் 3, விளக்கு 4, யுபிஎஸ் 1½. மொத்தம் 31 ஆயிரம். மீதியைக் கையில் வையுங்கள். ஏதாவது பழுதானால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குத்தான் வர வேண்டும்.

கேமராவைப் பீரோவில் துணிகளோடு வைக்காதீர்கள். உங்கள் ஊர் ஈரத்துக்கு ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்திப் போடலாம்.

நற்கருணை வாங்க வரும் முகங்களை நெருங்கிக் காட்ட வேண்டாம் என்று கேமரா பிடிக்கும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினால் போதும். சிறு பிள்ளைகளைக் காட்டுவது பற்றிப் பங்குத் தந்தையிடம் பேசி ஒரு முடிவு எடுங்கள்.

யூடியூப் சேனலில் நேரலையை முதன்முறை திறக்கும்போது அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகும். போனிலிருந்தே நேரலை செய்வதென்றால் 50 சந்தாதாரர்களும் வேண்டும். லேப்டாப்பிலிருந்து ஓபிஎஸ் வழியாகச் செய்தால் அந்த எண்ணிக்கை தேவையில்லை. சேனலை இந்த வாரமே தொடங்கி விண்ணப்பித்துவிட்டு, அப்புறம் கேமரா தேடக் கிளம்புங்கள்.