வைட்டமின் சி ப்ராஜெக்ட் எடுத்தால் வேலை கிடைக்குமா?

சார், எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி கடைசி செமஸ்டரில் உங்கள் மகள் "பாக்டீரியா தொற்றிய செல்கள் சாவதில் வைட்டமின் சி-யின் பங்கு" என்று தலைப்பு எடுத்திருக்கிறார், மெடிக்கல் ஷாப்பில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற மாத்திரையில் என்ன ஆராய்ச்சி, தலைப்பை மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். தலைப்பு நன்றாகவே இருக்கிறது. நீங்கள் விசாரிக்க வேண்டியது அவர் போகப் போகிற லேபைப் பற்றி.

முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மனிதச் செல்களை ஒரு தட்டில், 37 டிகிரி சூட்டில் வளர்த்து, அதில் பாக்டீரியாவை விடுவார்கள், கொஞ்ச நேரத்தில் செல்கள் சாக ஆரம்பிக்கும். வைட்டமின் சி சேர்த்தால் அந்தச் சாவு குறைகிறதா, கூடுகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டுமே நடக்கும், அதுதான் இதில் சுவாரஸ்யம். குறைந்த அளவில் அது செல்லைக் காக்கலாம். அளவு கூடினால், செல் வளர்கிற திரவத்திலேயே வைட்டமின் சி ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டு ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கும், செல்லைக் கொல்வது அந்தப் பெராக்ஸைடு. சிங்கப்பூரில் பேரி ஹாலிவெல் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2001-லேயே இதைக் காட்டிவிட்டது. பெராக்ஸைடை உடைக்கிற கேட்டலேஸ் என்சைமைச் சேர்த்து ஒரு தட்டு தனியாக வைக்காவிட்டால், செத்தது எதனால் என்றே சொல்ல முடியாது.

இன்னொன்று. அந்தத் திரவம் வழக்கமாக ரோஸ் கலந்த சிவப்பாக இருக்கும், அமிலம் ஏறினால் மஞ்சளாகும். பாக்டீரியா பெருகினாலும் மஞ்சள்தான், அஸ்கார்பிக் ஆசிட்டை (வைட்டமின் சி-யின் இன்னொரு பெயர்) நடுநிலைப்படுத்தாமல் நிறையக் கொட்டினாலும் மஞ்சள்தான், நிறத்தை மட்டும் பார்த்து எதனால் என்று சொல்ல முடியாது. அப்புறம் எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க பல கல்லூரிகளில் எம்.டி.டி. என்ற சாயம் சேர்க்கிற டெஸ்ட்தான் செய்வார்கள், உயிருள்ள செல் இருந்தால் ஊதா நிறம் வரும். ஆனால் வைட்டமின் சி தானாகவே அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடும், தட்டில் ஒரு செல்கூட இல்லாத குழியிலும்! இது தெரியாமல் "வைட்டமின் சி செல்களைக் காப்பாற்றியது" என்று முடிவு எழுதி பைண்டிங் போட்டுக் கொடுக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

பி.எச்டி. இன்டர்வியூவில் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஒன்றுதான் கேட்பேன்: செல் சாவு குறைந்தது என்கிறாயே, வைட்டமின் சி செல்லைக் காப்பாற்றியதா, பாக்டீரியாவைக் கொன்றதா? 2013-ல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக் குழு வைட்டமின் சி காசநோய்க் கிருமியையே சோதனைக் குழாயில் கொல்கிறது என்று காட்டியது, ஆனால் மில்லிமோலார் அளவில் (ஒரு மில்லிமோலார் என்றால் ஆயிரம் மைக்ரோமோலார்). நம் ரத்தத்தில் சாதாரணமாக இருப்பது 50 முதல் 70 மைக்ரோமோலார்தான், பல பத்து மடங்கு குறைவு. (அதனால் இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் மாத்திரையை அள்ளி விழுங்க வேண்டாம்.) உயிரோடு மிஞ்சிய பாக்டீரியாவைத் தட்டில் பரப்பி, புள்ளி புள்ளியாக வளர்கிற பாக்டீரியாக் கூட்டங்களை (காலனி) எண்ணிப் பார்த்திருந்தால் உங்கள் மகளால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். வைட்டமின் சி-க்காக யாரும் வேலை தரப்போவதில்லை, இப்படி யோசிக்கிற ஆளுக்குத் தருவார்கள்.

சரி, வேலை விஷயம். செல் கல்ச்சர், அதாவது லேபில் செல் வளர்க்கிற வேலை, கையில் இருந்தால் பெங்களூரு, ஹைதராபாத் பயோடெக், தடுப்பூசி கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதை மறைத்துப் பயனில்லை. ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கட்டும், கடைசி வருஷம் படிக்கும்போதே எழுதலாம். 2023-லிருந்து முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. சென்னையில் சேத்துப்பட்டிலேயே காசநோய்க்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே வருகிற ப்ராஜெக்ட் பணி அறிவிப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

லேபில் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். செல் எங்கிருந்து வாங்கியது, புணேயில் இருக்கிற தேசிய செல் அறிவியல் மையம் மாதிரி ஒழுங்கான இடமா, பக்கத்து லேபில் கடன் வாங்கியதா? மைக்கோபிளாஸ்மா டெஸ்ட் செய்கிறார்களா? அதுவும் ஒரு பாக்டீரியாதான், செல் சுவர் இல்லாததால் பென்சிலினுக்கு அசையாது, கண்ணுக்கும் தெரியாமல் முடிவு மொத்தத்தையும் கெடுத்துவிடும். முக்கியமாக, தட்டைத் தொடப்போவது உங்கள் மகளா, அங்கே இருக்கிற டெக்னீஷியனா? பணம் கட்டினால் ப்ராஜெக்ட்டை முடித்து ரிப்போர்ட்டும் கையில் தருகிறோம் என்று சொல்கிற இடமாக இருந்தால், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் கட்டாதீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் அந்த லேபில் அவரை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், விடமாட்டோம் என்றால் வேறு லேப் தேடலாம்.