தாமதமாகக் கிடைத்த வலை – டொமினிக் ஹாஷெக் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

1998 நகானோ ஒலிம்பிக்கில் செக் குடியரசு கனடாவை வென்ற ஐஸ் ஹாக்கி அரையிறுதி ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு டொமினிக் ஹாஷெக்கின் பழைய ஆட்டங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஐஸ் ஹாக்கி கண்ட கோல்கீப்பர்களிலேயே அவர்தான் முதன்மையானவர் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டு ஐயங்கள் எழுந்தன. அவ்வளவு பெரிய திறமைசாலி 28 வயது வரை அமெரிக்காவில் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருந்தது எப்படி? அங்கே இருந்த பயிற்சியாளர்கள் ஒருவர் கண்ணிலுமா அவர் படவில்லை? இரண்டாவது, அவர் பனித்தரையில் விழுகிறார், புரள்கிறார், காலை உயரத் தூக்குகிறார், சில சமயம் மட்டையையே கீழே போட்டுவிடுகிறார். இதில் முறை என்று சொல்லத்தக்க ஏதாவது இருக்கிறதா, அல்லது வளைந்து கொடுக்கும் உடலும் நல்ல நேரமும் சேர்ந்து செய்த வேலையா? அவருடைய ஆட்டங்களில் ஒன்றை மட்டும் முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் இரண்டாகக் கேட்டிருப்பது உண்மையில் ஒரே கேள்வி என்று நினைக்கிறேன். ஹாஷெக் ஆடிய விதம் அந்தக் காலத்துப் பயிற்சியாளர்களின் கண்ணுக்கு ஒழுங்கான கோல்கீப்பிங்காகத் தெரியவில்லை. அவருக்கு வலை அத்தனை தாமதமாகக் கிடைத்ததற்கு அதுவே முக்கியமான காரணம்.

முதலில் இந்தத் தொழிலின் அமைப்பைச் சொல்ல வேண்டும். முன்கள ஆட்டக்காரர் ஒருவர் சுமாராக ஆடினாலும் நான்காவது வரிசையில் சில நிமிடங்கள் களமிறங்கித் தன்னைக் காட்டிக்கொள்ள முடியும். கோல்கீப்பருக்கு அந்த வழி இல்லை. ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு இரண்டு கோல்கீப்பர்களை உடையணிவித்து வைத்திருக்கிறது. 60 நிமிடங்களும் ஒருவரே நிற்கிறார், மற்றவர் பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்து பார்க்கிறார். ஆகவே ஒரு கோல்கீப்பரின் தொழில்வாழ்க்கையை அவருடைய திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. அவருக்கு முன்னால் நிற்பவர் யார், அவர் எவ்வளவு காலம் நிற்கப்போகிறார் என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஹாஷெக் 1965இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பார்டுபிட்சே நகரில் பிறந்தவர். 16 வயதிலேயே அந்த நகர அணிக்காக நாட்டின் முதல்நிலை லீகில் வலைகாத்தார். அவர் இருந்த அணி 1987இலும் 1989இலும் சாம்பியன் பட்டம் வென்றது. நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்க மட்டை விருதை அவர் மூன்று முறை பெற்றார். கோல்கீப்பர்களில் சிறந்தவர் என்பதற்கான விருது அல்ல அது, எல்லா ஆட்டக்காரர்களிலும் சிறந்தவருக்கானது. இடையில் வரலாறும் செக் மொழியும் படித்து, ஆசிரியராகும் தகுதியையும் பெற்றார். எனவே 28 வயது வரை அவர் யாரென்றே உலகத்துக்குத் தெரியாமல் இருந்தார் என்று கொள்ள வேண்டாம். ஐரோப்பாவில் ஹாக்கி பார்த்தவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும்.

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் (என்.எச்.எல்.) அணிகள் இளம் வீரர்களுக்கான உரிமையைச் சுற்றுச் சுற்றாக எடுத்துக்கொள்ளும் வீரர் தேர்வு நடக்கும். சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி 1983ஆம் ஆண்டுத் தேர்விலேயே அவர் பெயரைப் பதிவு செய்துவிட்டது. ஆனால் பத்தாவது சுற்றில்தான். இரும்புத்திரைக்குப் பின்னால் இருக்கும் ஓர் இளைஞன் வருவானா என்பதே நிச்சயமில்லாதபோது, அந்தப் பதிவு ஒரு லாட்டரிச் சீட்டுக்கு மேல் மதிப்புடையதாக இருந்திருக்க முடியாது. அந்தச் செய்தி ஹாஷெக்கை எட்டவே மாதங்கள் பிடித்தன. அன்று நாட்டைவிட்டுப் போவதென்றால் தப்பியோடுவதுதான். குடும்பத்தைத் திரும்பப் பார்ப்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 1989 இறுதியில் கம்யூனிச ஆட்சி கவிழ்ந்த பிறகு, 1990இல் அவர் சிகாகோ போய்ச் சேர்ந்தார். 25 வயது ஆகியிருந்தது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. அதே 1983 தேர்வில்தான் மான்ட்ரியல் அணி சோவியத் யூனியனின் விளாடிஸ்லாவ் ட்ரெட்யாக்கையும் எடுத்தது. அவர் காலத்தின் மகத்தான கோல்கீப்பர் அவர். சோவியத் அரசு அவரை அனுப்பவில்லை. மறு ஆண்டே அவர் ஓய்வு பெற்றார். ஏழு ஆண்டுகள் கழித்து அதே ட்ரெட்யாக் சிகாகோவுக்குக் கோல்கீப்பர் பயிற்சியாளராக வந்து ஹாஷெக்கோடு பணியாற்றினார். ஒரே ஆண்டில் அழைக்கப்பட்ட இருவரில் ஒருவருக்குக் கதவு திறக்கவே இல்லை, மற்றவருக்கு ஏழு ஆண்டுகள் தாமதித்துத் திறந்தது.

ஆனால் சிகாகோவின் வலையில் எட் பெல்ஃபோர் இருந்தார். 1990–91 சீசனின் 80 ஆட்டங்களில் 74இல் அவர் ஆடி, சிறந்த புதுமுகம், சிறந்த கோல்கீப்பர் ஆகிய இரண்டு விருதுகளையும் பெற்றார். அப்படி ஒருவர் நிற்கும்போது எந்தப் பயிற்சியாளரும் மாற்றிப் பார்க்க மாட்டார். அதில் பயிற்சியாளரைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஹாஷெக்குக்கு இரண்டு சீசன்களில் மொத்தம் 25 ஆட்டங்கள் கிடைத்தன, இடையிடையே இண்டியானபொலிஸின் இரண்டாம்நிலை அணிக்கும் அனுப்பப்பட்டார். 1992இல் இன்னொரு கோல்கீப்பருக்கு ஈடாக, கூடவே பிறகு தரவேண்டிய ஒரு சலுகையையும் பேசிக்கொண்டு, சிகாகோ அவரைப் பஃபலோ சேபர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது.

கண்கள் தவறிய இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 1993 கோடையில் அனஹைம், ஃப்ளோரிடா என்னும் இரண்டு புதிய அணிகள் லீகில் சேர்ந்தன. பழைய அணிகள் தாங்கள் விடமுடியாத வீரர்களை மட்டும் பாதுகாத்துக்கொண்டு, மற்றவர்களைப் புதிய அணிகளின் தேர்வுக்கு விட வேண்டும். பஃபலோ தன்னிடமிருந்த கிரான்ட் ஃப்யூரைப் பாதுகாத்துக்கொண்டு ஹாஷெக்கை வெளியே விட்டது. இரண்டு புதிய அணிகளுக்கும் கோல்கீப்பர்கள் தேவைப்பட்டார்கள்; இரண்டுமே வேறு ஆட்களை எடுத்தன. அவரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்த நாளில் எடுத்துக்கொள்ள ஒருவரும் இல்லை. சில மாதங்கள் கழித்து ஃப்யூரின் முழங்காலில் அடிபட, வலை ஹாஷெக்கிடம் வந்தது. அந்தச் சீசனின் முடிவில் அவர் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 1.95 கோல்கள்தான் விட்டிருந்தார். இரண்டுக்குக் குறைந்த சராசரியை இருபது ஆண்டுகளாக அந்த லீகில் எவரும் எட்டியிருக்கவில்லை. அந்த ஆண்டின் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பை அவருக்குக் கிடைத்தது. மொத்தத்தில் ஆறு முறை கிடைத்தது.

இனி முறையைப் பற்றி. ஐஸ் ஹாக்கியின் வலை ஆறடி அகலமும் நான்கடி உயரமும் கொண்டது. பக் என்பது மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள கெட்டியான ரப்பர் வட்டு; துள்ளாமல் இருப்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைக்கிறார்கள். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் அதைக் கண்ணால் கண்டு கையை நீட்டுவதற்குப் பல சமயம் நேரமே இருக்காது. ஆகையால் கோல்கீப்பர்களுக்கு உடலால் இடத்தை அடைக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பழைய பள்ளி, நின்ற நிலையிலேயே முன்னேறி வந்து கோணத்தைக் குறைக்கச் சொன்னது. அப்போது க்யூபெக்கிலிருந்து பரவிக்கொண்டிருந்த பட்டர்ஃபிளை முறை, முழங்கால்களைச் சேர்த்து மண்டியிட்டுக் கணுக்கால்களைப் பக்கவாட்டில் விரித்து வலையின் கீழ்ப்பகுதியை மூடச் சொன்னது. இரண்டிலும் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். பயிற்சியாளரால் அதைப் பார்த்துத் திருத்த முடியும், நம்பவும் முடியும். ஹாஷெக்கின் உடல் ஒவ்வொரு தடுப்பிலும் வேறொரு வடிவம் எடுத்தது. நீங்கள் பதற்றம் என்று கண்டதைத்தான் அவர்களும் கண்டார்கள்.

ஆனால் அந்தக் காட்சிகளை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். எதிரி வலைக்கு மிக அருகில் வந்துவிட்ட தருணங்களில் முதலில் அசைபவர் பெரும்பாலும் ஹாஷெக் இல்லை. எதிரி தன் உத்தியைக் காட்டி முடிக்கும்வரை அவர் பொறுக்கிறார். அவனுக்கு வேறு வழி இல்லை என்றான பிறகே விழுகிறார். விழுவதிலும் கணக்கு இருக்கிறது. அவ்வளவு கிட்டத்திலிருந்து பக்கைச் சட்டென்று உயரத் தூக்குவது கடினம், எனவே தரையோடு படுத்து நீளவாக்கில் அடைத்தால் அடிக்கும் இடத்தில் பெரும்பகுதி அடைபட்டுவிடும். எஞ்சிய மேல்பகுதிக்காகத்தான் அந்தக் கால் உயர்கிறது. மட்டையைப் போடுவதற்கும் காரணம் உண்டு. மட்டை பிடித்த கையில் பலகை போன்ற தடுப்புறை இருக்கிறது; மட்டையோடு இருக்கும்வரை அந்தக் கையால் எதையும் பிடிக்க முடியாது. முதல் அடி தடுக்கப்பட்டு பக் எதிரே கிடக்கும்போது, அவர் மட்டையை விட்டுவிட்டு அந்தக் கையாலேயே பக்கைக் கவ்வி மூடுகிறார். நடுவர் விசில் ஊதுகிறார். இரண்டாவது அடிக்கு இடமே இல்லாமல் போகிறது. மற்ற கோல்கீப்பர்கள் மட்டையை நழுவவிடுவதைத் தவறாக எண்ணி வளர்ந்தவர்கள். அவருக்கு மட்டை ஒரு கருவி, பயன் தராத நொடியில் அதை விட்டுவிடலாம்.

நல்ல நேரம் என்று இதைச் சொல்ல முடியாததற்கு எண்களே போதும். 1993–94 முதல் 1998–99 வரை தொடர்ந்து ஆறு சீசன்கள், வந்த அடிகளில் அதிக விழுக்காட்டைத் தடுத்தவர் அவர்தான். தொழில்வாழ்க்கை முழுவதற்குமான கணக்கில் 1000 அடிகளுக்கு 922 தடுத்திருக்கிறார். 900 தடுக்கும் ஒருவரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். ஆனால் ஆட்டத்துக்கு 30 அடிகள் வீதம் 60 ஆட்டங்களுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 40 கோல்கள் வருகின்றன. பஃபலோவைப் போலக் கோல் அடிக்கத் திணறிய ஓர் அணிக்கு அந்த 40 கோல்கள்தான் வாழ்வும் சாவும். லீகின் மிக மதிப்புவாய்ந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையை 1997இலும் 1998இலும் அவருக்குக் கொடுத்தார்கள். அதை இரண்டு முறை வென்ற கோல்கீப்பர் வேறு எவருமில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது அவரைக் குறையற்ற மனிதராகக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. 1997 வசந்தத்தில் பயிற்சியாளர் டெட் நோலனோடு அவருக்கிருந்த மனக்கசப்பு ஊரறிய வெளிப்பட்டது. ரசிகர்களில் பலர் நோலன் பக்கம் நின்றார்கள். அடுத்த சீசனின் தொடக்கத்தில் சொந்த அரங்கிலேயே ஹாஷெக்கைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். அந்தச் சீசனில்தான் அவர் 13 ஆட்டங்களில் ஒரு கோலும் விடாமல் நின்றார், இடையில் நகானோவுக்கும் போய் வந்தார். நகானோவில் ஆறு ஆட்டங்களில் அவர் விட்டவை ஆறு கோல்கள். சமநிலையில் முடிந்த அரையிறுதியின் தீர்ப்படிகளில் (ஒவ்வொருவராகத் தனியே வந்து கோல்கீப்பரை எதிர்கொள்ளும் அடிகளில்) ஃப்ளூரி, போர்க், நியூவென்டைக், லிண்ட்ராஸ், ஷானஹன் என்று கனடாவின் ஐவரும் கோலின்றித் திரும்பியதை முன்பே விரிவாக எழுதிவிட்டதால் இங்கே விடுகிறேன்.

பிற்காலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அது உங்கள் முதல் கேள்வியோடு சேர்ந்ததுதான். 2002இல் 37 வயதில் டெட்ராய்ட் அணியோடு அவர் லீகின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றார். 2008இல், 43 வயதில், அதே அணியில், கோப்பைக்கான முதல் சுற்றில் இரண்டு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றதும் பயிற்சியாளர் மைக் பாப்காக் அவரை உட்காரவைத்து கிறிஸ் ஆஸ்குட்டை நிறுத்தினார். ஆஸ்குட் கோப்பை வரை கொண்டுபோனார். சிகாகோவில் பெல்ஃபோருக்குப் பின்னால் உட்கார்ந்தவர் கடைசியில் ஆஸ்குட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தார். தொழிலின் விதி அது, அவர் அதை அறிந்தவர். ஆனால் ஆடுவதை விட்டுவிடவில்லை. பார்டுபிட்சேவுக்குத் திரும்பி 2010இல், 45 வயதில், அந்த நகரத்துக்குச் செக் லீக் பட்டத்தை வென்று கொடுத்துவிட்டு, மாஸ்கோவின் ஸ்பார்டக் அணிக்காக இன்னும் ஒரு சீசன் நின்றார். இளமையில் கிடைக்காத ஆட்டங்களை முதுமையில் எடுத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பார்க்க வேண்டிய ஆட்டமாக நகானோவைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் 1994 ஏப்ரல் 27 அன்று பஃபலோவில் நியூ ஜெர்சி டெவில்ஸுக்கு எதிராக, ஏழு ஆட்டங்கள் வரை போகும் கோப்பைச் சுற்றில் நடந்த ஆறாவது ஆட்டத்தைச் சொல்கிறேன். எதிர்வலையில் 21 வயது மார்ட்டின் ப்ரோடர், பிற்காலத்தில் அந்த லீகின் எல்லா கோல்கீப்பர்களையும் விட அதிக வெற்றிகள் பெறப்போகிறவர். 60 நிமிடங்கள் கோல் இல்லை. கூடுதல் நேரம் மூன்று முழுப் பகுதிகள் போயும் கோல் இல்லை. நான்காவதில் டேவ் ஹேனன் அடித்த கோலால் பஃபலோ வென்றபோது நள்ளிரவு கடந்திருந்தது. ஹாஷெக் 70 அடிகளைத் தடுத்திருந்தார். இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டத்தில் பஃபலோ தோற்று வெளியேறியது என்பதால் அந்த இரவுக்குக் கோப்பை எதுவும் சான்றாக இல்லை. கூடுதல் நேரப் பகுதிகளிலிருந்து தொடங்கி, பக்கைப் பின்தொடராமல் ஹாஷெக்கை மட்டும் பாருங்கள். களைத்துப்போன எதிரிகள் கிட்டே வரும்போது யார் முதலில் அசைகிறார்கள் என்று கவனித்து, முறை பற்றிய உங்கள் கேள்விக்கு நான் சொன்ன விடை சரியா என்று மீண்டும் எழுதுங்கள்.