கேள்வி - பதில்: வாக்னரை என்ன செய்வது?

கேள்வி: ஹிட்லருக்குப் பிடித்தவர் என்பதற்காக ஜெர்மன் ஓபரா (பாடியே நடத்தும் நாடகம்) இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரைத் திட்டுவது நியாயமா? அவர் இறந்த பிறகுதானே ஹிட்லரே பிறந்தார்?

கணக்கு சரிதான். வாக்னர் வெனிஸில் இறந்தது 1883, ஹிட்லர் பிறந்தது 1889. ஆனால் ஹிட்லரைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வாக்னர் மேல் உள்ள புகார் அப்படியேதான் இருக்கிறது. யூதர்களுக்குச் சொந்தமாக இசை படைக்க வராது, அடுத்தவரைப் பார்த்து நகலெடுக்கத்தான் வரும் என்று 1850-ல் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். ஏதோ கோபத்தில் எழுதிவிட்டார் என்று விடலாம் என்றால், 1869-ல் அதையே சொந்தப் பெயர் போட்டு மறுபடி அச்சிட்டார்.

எனக்கு அதைவிட உறுத்துவது, அன்று பாரிஸில் கொடிகட்டிப் பறந்த ஓபரா இசையமைப்பாளர் மேயர்பீர் விஷயம். 1839-ல் கடன்காரர்களுக்குப் பயந்து, மனைவியையும் ஒரு பெரிய நாயையும் கூட்டிக்கொண்டு, அப்போது ரஷ்யாவின் கையிலிருந்த ரீகா நகரிலிருந்து எல்லை தாண்டி, புயலில் சிக்கிய கப்பலில் தத்தளித்து (அந்தப் பயணம்தான் பிறகு 'பறக்கும் டச்சுக்காரன்' ஓபராவுக்குள் போனது), பாரிஸில் காசில்லாமல் கிடந்த வாக்னருக்குச் சிபாரிசு செய்து, அவருடைய 'ரியன்ஸி' ஓபரா 1842-ல் டிரெஸ்டனில் அரங்கேறக் கைகொடுத்தவர் மேயர்பீர். அவர் யூதர். கட்டுரையில் பெயரைச் சொல்லாமல் குத்தியது அவரைத்தான். சாப்பிட்ட வீட்டுக்கே ரெண்டகம், வேறென்ன!

கேள்வி: வாழ்நாள் முழுக்கக் கடனாளி, ஆனால் தனக்கென்று ஓர் அரங்கமே கட்டினாராமே, எப்படி?

ராஜா கிடைத்தார். 1849 டிரெஸ்டன் கிளர்ச்சியில் சேர்ந்ததால் பிடிவாரண்ட், வருஷக்கணக்கில் வெளிநாட்டு வாசம், மறுபடி கடன் என்று அலைந்தவரை, 1864-ல் பவேரியாவின் அரசரான இரண்டாம் லூட்விக் அழைத்துக் கடனை அடைத்தார். அரசருக்கு அப்போது வயது 18. 1865-ல் மியூனிக்கில் 'ட்ரிஸ்டனும் இசோல்டேயும்' அரங்கேறியது; அதை நடத்திய ஹான்ஸ் ஃபான் ப்யூலோவின் மனைவி கோசிமாவுக்கு அதே வருஷம் பிறந்த பெண் குழந்தைக்கு அப்பா வாக்னர், பெயரும் இசோல்டேதான்! 1870-ல் கோசிமாவையே மணந்துகொண்டார். அப்புறம் பவேரியாவின் பைராய்ட் ஊரில் அந்த அரங்கம். வாத்தியக் குழுவை மேடைக்கடியில் பார்வைக்குத் தெரியாமல் உட்காரவைத்தார், 1876-ல் 'நிபெலுங்கின் மோதிரம்' ஓபரா வரிசை நான்கு இரவுகளாக அங்கே முழுசாக நடந்தது. மொத்தம் சுமார் 15 மணி நேரம். மனிதரைப் பிடிக்காதவர்கள்கூட அந்த அரங்கின் ஒலியைக் குறை சொல்ல யோசிப்பார்கள்.

கேள்வி: இஸ்ரேலில் வாக்னருக்குத் தடையா?

சட்டம் எதுவும் இல்லை. 1938-ல் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் கோயில்களும் சூறையாடப்பட்ட பிறகு, பின்னாளில் இஸ்ரேலான பாலஸ்தீனத்தில் இருந்த யூத இசைக்குழு வாக்னரை வாசிப்பதை நிறுத்தியது, அதுவே வழக்கமாகிவிட்டது. 2001-ல் ஜெருசலேமில் இசைக்குழு நடத்துனர் டேனியல் பேரன்பாய்ம் (அவரும் யூதர்), கேட்க விரும்பாதவர்கள் போகலாம் என்று சொல்லிவிட்டு 'ட்ரிஸ்டன்' முகப்பை வாசித்தார். சிலர் கத்திவிட்டு வெளியேறினார்கள், மிச்சப்பேர் கைதட்டினார்கள். நாஜி முகாமிலிருந்து தப்பி வந்தவர் எனக்கு வேண்டாம் என்றால் அவரிடம் போய் கலை வேறு, கலைஞன் வேறு என்று பாடம் எடுக்க நான் தயாரில்லை. நான் கேட்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி: இதுவரை வாக்னரைக் கேட்டதே இல்லை. எதில் தொடங்கலாம்?

கேட்டிருப்பீர்கள். சர்ச் கல்யாணத்தில் மணப்பெண் நடந்து வரும்போது வாசிப்பார்களே, அது 'லோஹென்கிரின்' ஓபராவில் வருவது. அதையே முழு ஓபராவாகக் கேட்டுப் பாருங்கள். கதையில் அந்தக் கல்யாணம் முதலிரவைக்கூடத் தாண்டாது.